ஒரு கரண்டி உறை

பயனில்லை என்றுதான் முடிவு வந்தது.

ஒன்றரை வருஷம் வீடு வீடாக மோர் பாக்கெட் கொடுத்து, குழந்தைகளின் விரலில் ஊசி குத்தி, மழையிலும் வெயிலிலும் அலைந்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தானா என்று அரசி டாக்டரைக் கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். சோதனை என்று ஒன்றைத் தொடங்கினால் உண்டு என்றும் வரும், இல்லை என்றும் வரும். இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்கள் சோதனைக்கு வரக்கூடாது என்று மாணவர்களுக்குப் பல வருஷம் பாடம் எடுத்தவள் அவள். பாடம் எடுப்பது வேறு, அது தன் தலையில் விழுவது வேறு. முடிவைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது.

மங்கையர்க்கரசி என்பது முழுப் பெயர். ஆலங்கழியில் யாருக்கும் அவ்வளவு நீளத்துக்குப் பொறுமை இல்லாததால் அரசி டாக்டர் ஆகிவிட்டாள்.

ஆலங்கழி கடலோரத்து ஊர். நடுவில் ஒரு கால்வாய், அதற்குக் கிழக்குக்கரை, மேற்குக்கரை என்று இரண்டு பக்கம். ஊருக்கு வடக்கே பெரிய மேடு. நாட்டில் வண்டிகளெல்லாம் புகையில்லாமல் மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய காலத்தில், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பேட்டரிகளைக் கொண்டுவந்து உடைத்து ஈயம் உருக்கிய இடம் அது. பட்டணத்துக் காற்று சுத்தமாயிற்று, ஆலங்கழி மண்ணில் ஈயம் இறங்கிற்று. உலைகளை மூடி ஏழு வருஷம் ஆகியும் அது போவதாக இல்லை. மண்ணிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து ரத்தத்துக்கு என்று அதற்கு வழி தெரிந்திருந்தது. பெரியவர்களுக்கு வயிற்றுவலி, மூட்டுவலி. குழந்தைகளுக்கோ அது மூளையில் போய் உட்கார்ந்தது. ஐந்தாம் வாய்ப்பாடு சொன்ன பிள்ளை அடுத்த வருஷம் இரண்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறியது.

இதற்குத்தான் அரசியின் ஆய்வகம் ஒரு நுண்ணுயிரைத் திருத்தி எடுத்திருந்தது. தயிரில் இருக்கிற சாதாரண ஜீவன்தான். மரபணுவில் சின்னதாக ஒரு மாற்றம். குடலுக்குள் போனால் அங்கே இருக்கிற ஈயத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். எலிகளிடம் அருமையாக வேலை செய்தது. எலிகளிடம் அருமையாக வேலை செய்து மனிதர்களைக் கைவிட்ட மருந்துகளுக்குக் கணக்கே இல்லை என்பதால், ஆலங்கழியில் சோதனை. ஒரு கரைக்கு அந்த நுண்ணுயிர் போட்ட மோர், இன்னொரு கரைக்கு வெறும் மோர். பாக்கெட் ஒன்றுதான், ருசி ஏறத்தாழ ஒன்றுதான். எந்தக் கரைக்கு எது என்று ஊருக்கும் தெரியாது, அரசிக்கும் தெரியாது. தெரிந்தவர் கணக்குப் பார்க்கிற சிவதாணு ஒருவர்தான்.

அந்தச் சிவதாணு இப்போது ஆலங்கழி சோதனை மையத்தின் மாடியறையில் திரையை அவள் பக்கம் திருப்பினார். நாகர்கோவில்காரர். கெட்ட சேதியைக்கூட அவசரப்படாமல் சொல்வார்.

"மருந்து மோர் போனது மேற்குக்கரைக்கு. வெறும் மோர் கிழக்குக்கரைக்கு. ரெண்டு கரையிலயும் பிள்ளையளுக்கு ஈயம் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, கேட்டீங்களா. நல்ல காரியம்தான். ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல குறைஞ்சா, மருந்துக்கு அங்க என்ன வேலை?"

"பின்னே எதனால குறைஞ்சுதாம்?"

"சோதனை தொடங்கின மாசம்தானே புதுக் குழாய்த்தண்ணி வந்துது? ரெண்டு கரைக்கும் சேர்ந்து வந்துது. தண்ணிதான் காரணம்னு மேற்பார்வைக் குழு எழுதும். நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன்."

"எழுதினா?"

"கிருமியை அழிச்சிரணும். வரிசையில நிக்கிற பன்னிரண்டு ஊருக்கும் இல்லைன்னு சொல்லிரணும். அவ்வளவுதான்."

பன்னிரண்டு ஊர். ஒவ்வொன்றிலும் இதே மாதிரி ஒரு மேடு. அரசி அந்த ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறாள். ஆலங்கழியில் முடிவு வரட்டும், அடுத்து உங்களுக்குத்தான் என்று அங்கே தாய்மார்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

திரையில் கிழக்குக்கரைக் குழந்தைகள் சிறு சிறு புள்ளிகளாக இருந்தார்கள். எல்லாப் புள்ளிகளும் கீழே இறங்கி ஒன்றாகக் கூடியிருக்க, ஒன்று மட்டும் மேலே தனியாக நின்றது.

"அது?"

"நாப்பத்தொண்ணாம் நம்பர். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏறியிருக்கு. எந்தக் கணக்குலயும் இப்படி ஒண்ணு விலகி நிக்கும். அதைப் பெருசா எடுக்க வேண்டாம்."

அரசி பெருசாக எடுக்கவில்லை. எடுக்கத் தெம்பும் இல்லை.

மறுநாள் காலை அவள் பாலத்தைத் தாண்டிக் கிழக்குக்கரைக்குப் போனாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. எண்களிடம் தோற்றுப்போனால் மனிதர்களைப் பார்க்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

தேசராணி அப்போதுதான் மீன் விற்றுவிட்டுக் கூடையைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். கிழக்குக்கரையில் எது நடந்தாலும் முதலில் தெரிவது அவளுக்கு. ஒன்றும் நடக்காவிட்டாலும் அவளுக்கு ஏதாவது தெரியும்.

"வா டாக்டரம்மா. இன்னா மூஞ்சி இப்பிடி வாடிக்கீது? குந்து, மோரு எடுத்தாறேன்."

பெரிய டம்ளர் நிறைய மோர் வந்தது. அரசி ஒரு வாய் குடித்தாள். நல்ல கெட்டி மோர், வெயிலுக்கு இதமாக இறங்கியது. இரண்டாவது வாயில்தான் அவளுக்கு ஏதோ உறுத்திற்று.

"இன்னிக்குத் தயிரா தேசராணி?"

"முந்தாநேத்து உறை ஊத்துனது."

"புளிக்கவே இல்லையே?"

"அதான் விசேசம்! மூணு நாளு வெச்சாலும் புளிக்காது. கத்தி போட்டு அறுக்கலாம், அம்மாங்கெட்டி." தேசராணிக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் ஒன்னோட புண்ணியந்தான்."

அரசியின் கை டம்ளரோடு நின்றுவிட்டது. ஆய்வகத்தில் திருத்தி எடுத்த அந்த ஜீவனுக்கு ஒரு குணம் உண்டு. அது இருக்கிற பால் கெட்டியாக உறையும், புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். பாக்கெட்டில் போகிற நீர்மோரில் அது தெரியாது. தயிராக உறைய வைத்தால் தெரியும்.

"என் புண்ணியமா? எப்படி?"

"நம்ம நாத்தனா மேற்குக்கரையில வாக்கப்பட்டுக்கீதே, அது ஒரு நா வூட்ல உறைக்கு மோரு இல்லாம, நீ குட்த்த பாக்கெட்டுல ஒரு கரண்டி மிச்சம் புட்ச்சி பால்ல ஊத்திக்கீது. கல்லு மாரி உறைஞ்சிப் போச்சாம். எனக்கும் ஒரு கரண்டி குட்த்துது. நான் எதிர்வூட்டுக்குக் குட்த்தேன். எதிர்வூடு பக்கத்துவூட்டுக்கு. இப்ப இந்தக் கரையில எல்லார் வூட்லயும் அந்தத் தயிருதான்."

"எப்போலருந்து?"

"மொத மாசத்துலருந்தே."

அரசி மெதுவாகத்தான் கேட்டாள். "அந்த மோரை வேற யாருக்கும் கொடுக்கவும் கூடாது, யார்கிட்டயும் வாங்கவும் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. மேற்குக்கரையிலயும் சொன்னேன், இங்கயும் சொன்னேன்."

"மருந்த எங்கம்மா குட்த்தோம்? அத அததுங்க கரெக்டாக் குட்ச்சிதுங்க. நாங்க குட்த்தது உறை." தேசராணி அவளை விநோதமாகப் பார்த்தாள். "உறை கேட்டு வர்றவங்களுக்கு இல்லேன்னா சொல்லுவாங்க?"

அரசி வீட்டில் தயிர் கடையிலிருந்து டப்பாவில் வருகிறது. ஆய்வகத்தில் அவளோடு வேலை செய்கிற அத்தனை பேர் வீட்டிலும் அப்படித்தான். நுண்ணுயிர் காற்றில் பரவுமா, சாக்கடையில் பரவுமா, எலியால் பரவுமா என்றெல்லாம் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தார்கள். கரண்டியால் பரவும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அவர்கள் திருத்தியதே தயிரில் இருக்கிற ஜீவன்தான்.

அப்படியென்றால் வெறும் மோர் குடித்த கரை என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு கரையும் மருந்து குடித்திருக்கிறது. குறைந்தது தண்ணீராலா தயிராலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தேசராணியும் முட்டாள் இல்லை. அரசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டுவிட்டாள். "அப்ப எங்களுக்குக் குட்த்த பாக்கெட்டுல இன்னா இருந்துது?"

"வெறும் மோர்."

"மருந்து இல்லியா? ஒண்ணர வருசமா?"

"ரெண்டுல ஒரு கரைக்கு வெறும் மோருன்னு முதல்லயே சொன்னேன். எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டீங்க."

"சொன்னதான். அது எங்களுக்குத்தான்னு சொல்லலியே!" தேசராணி எழுந்தே விட்டாள். "ஏம்மா, புள்ளைங்கள எதுர்ல வெச்சிக்கினு ஒரு பக்கத்துக்கு ஊத்தி ஒரு பக்கத்துக்கு ஊத்தாம எப்பிடிம்மா மனசு வருது? எல்லாத்துக்கும் குட்த்தா இன்னா கெட்டுப் போச்சு?"

இந்தக் கேள்வியை அரசி வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சொல்கிற நீளமான பதில் ஒன்று உண்டு. இன்று அதைச் சொல்ல வரவில்லை. வேறொன்றைச் சொன்னாள்.

"எனக்கு வேலவன்னு ஒரு தம்பி இருந்தான். எங்க ஊர்லயும் தண்ணி கெட்டுப்போச்சு. அப்போ சிவப்புச் சொட்டுன்னு ஒரு மருந்து வந்தது. ரொம்ப நல்ல மனசுக்காரங்க கொண்டுவந்தாங்க. சோதனை கீதனைன்னு பிள்ளைங்களைப் பிரிக்கறது பாவம்னு ஊர்ல அத்தனை பேருக்கும் கொடுத்தாங்க. கொஞ்ச நாள்ல ஒவ்வொருத்தருக்கா சிறுநீரகம் போச்சு. தண்ணியாலதான் போகுதுன்னு நெனச்சு, இன்னும் ரெண்டு சொட்டு அதிகமாக் கொடுத்தாங்க. சொட்டு குடிக்காத ஆள் ஒருத்தர் ஊர்ல இருந்திருந்தா, அவரைப் பார்த்தாவது தெரிஞ்சிருக்கும். ஒருத்தரும் இல்லை. தெரியவந்தப்போ வேலவன் செத்து ஒரு வருஷம் ஆச்சு."

தேசராணி மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்ப இந்தத் தயிரும் அப்பிடி ஆவுமா?"

"ஆகாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நெனைக்கறதை வெச்சுச் சொல்லக்கூடாது. அதுக்குத்தான் சோதனையே." அரசி டம்ளரைக் கீழே வைத்தாள். வைக்கும்போது அந்தத் தனிப் புள்ளி ஞாபகத்துக்கு வந்தது. "எல்லார் வீட்டுக்கும் உறை போச்சுன்னியே. ஒரு வீடு விடாமலா?"

"எல்லா வூட்டுக்கும்தான்." தேசராணி வாசலைப் பார்த்துக்கொண்டாள். உள்ளே மாமியார் இருமுகிற சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினாள். "பவளக்கொடி வூடு தவர."

நாற்பத்தொன்று. பதிவேட்டில் அந்த எண் பவளக்கொடியின் மகள் கோதைக்கு.

பவளக்கொடி வீட்டுக்கு ஊர்க்கட்டு என்பது அரசிக்குத் தெரியும். உலைகளை நடத்தியவர்கள் மேல் வழக்கு நடந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் பணம் வாங்கிக்கொண்டு இடத்தை விட்டார்கள் என்று கோர்ட்டில் ஏறிச் சொன்னவள் பவளக்கொடி. அவள் சொன்ன சாட்சியில்தான் உலைகள் மூடின. உலையில் வேலை பார்த்தவர்கள் பிழைப்பு போயிற்று. அன்றிலிருந்து அவள் வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லை, பேச்சு இல்லை. அவள் புருஷன் தாங்க மாட்டாமல் ஊரைவிட்டே போய்விட்டான். அவள் மட்டும் போகவில்லை.

அரசிக்குக் கோபம் வந்தது. "பிள்ளைங்களைப் பிரிக்க எப்படி மனசு வந்ததுன்னு என்னைக் கேட்டியே தேசராணி. நான் சீட்டுக் குலுக்கச் சொல்லிப் பிரிச்சேன். நீங்க பேரைப் பார்த்துப் பிரிச்சிருக்கீங்க."

தேசராணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே மாமியார் மறுபடி இருமினாள். தேசராணி வாயை மூடிக்கொண்டு, கவிழ்த்திருந்த கூடையை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு அரசி சிவதாணுவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த வீட்டுக்குப் புதுக் குழாய் உண்டுமா?" என்று கேட்டார் அவர்.

"உண்டு. எல்லார் வீட்டுக்கும் போகிற அதே குழாய்."

"அப்போ அதே தண்ணி. அதே மண்ணு. தயிரு மட்டும் இல்லை. அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் குறையலை." அவர் குரலில் என்றைக்கும் இல்லாத படபடப்பு. "தண்ணி காரணம் இல்லைன்னு ஆகுதுல்லா! டாக்டர், ஒரு பிள்ளையை வெச்சு முழுசா ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா குழு கிருமியை அழிக்காம நிறுத்தி வைக்க இது போதும். ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்கப்பிடாது. இன்னும் ஆறு மாசம் அந்தப் பிள்ளையைத் தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சும் ஏறிட்டே இருந்தா, பன்னிரண்டு ஊருக்கும் வழி பொறந்துரும்."

"ஆறு மாசத்துல அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்," என்றார் சிவதாணு. "எனக்கும் பேத்தி இருக்கா. பன்னிரண்டு ஊர்ல எத்தனை பிள்ளையள்னும் எனக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கொடுமை. வேலவனை நினைத்துக்கொண்டு படித்தவள் அரசி. குடிக்காமல் ஒருவராவது இருந்திருக்கலாமே என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறாள். அந்த ஒருவர் இப்போது கிடைத்திருக்கிறார். எட்டு வயது, பெயர் கோதை. கால்வாயில் குப்பையும் நுரையும் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அரசி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பித் தேசராணியின் வாசலுக்கு வந்தாள்.

"எனக்கு ஒரு கரண்டி உறை வேணும்," என்றாள்.

தேசராணி யாருக்கு என்று கேட்கவில்லை. ஒரு சின்னத் தூக்கில் தயிரை எடுத்து மூடி போட்டுக் கொடுத்தாள்.

பவளக்கொடியின் வீடு கரையின் கோடியில் இருந்தது. கோதை வாசலில் கிளிஞ்சல்களை வரிசையாக வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." நாலுக்கு அப்புறம் யோசித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். "ஒண்ணு," என்று மறுபடி தொடங்கினாள். சோதனை தொடங்கிய புதிதில் இதே குழந்தை அரசிக்கு இருபது வரைக்கும் எண்ணிக் காட்டியிருக்கிறது.

"வாங்கம்மா," என்று பவளக்கொடி பாயை விரித்தாள். வீட்டில் யாராவது வந்து வெகுநாளானவர்களுக்கு இருக்கிற பரபரப்பு அவளிடம். அன்றைய மோர் பாக்கெட் அலமாரியில் ஒரு ஈரத்துணிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. "சாயந்தரம் நாலு மணிக்குத்தான் குடுப்பேன். நீங்க சொன்ன நேரம்."

அரசி தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "பவளம், ஊர்ல எல்லார் வீட்டுலயும் ஒரு தயிர் இருக்கு. உனக்கு மட்டும் அதை யாரும் கொடுக்கலைன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

"தேசராணி குடுத்தாளே," என்றாள் பவளக்கொடி.

அரசி நிமிர்ந்தாள்.

"மழைக்காலத்துல ஒரு நாளு. மாமியாக்குத் தெரியாம மீன்கூடைக்குள்ள கிண்ணத்த வெச்சி எடுத்தாந்தா. தெரிஞ்சா அவளையும் கட்டு வெச்சிடுவாங்க, ஆனா வந்தா. 'எல்லாப் புள்ளைங்களும் தெளிஞ்சி வருது, ஒம் பொண்ணுக்கும் ஊத்து'ன்னா. நாந்தான் வாணான்னு திருப்பி அனுப்பிச்சேன்."

"ஏன்? ஏன் வாங்கலை?"

பவளக்கொடிக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்க சொன்னீங்களேம்மா. இந்த மோரத் தவர அடுத்த வூட்டு மோரு எதுவும் வாங்கிக் குடுக்கக் கூடாது, ஒரே ஒரு வூடு தப்பு பண்ணாலும் எல்லாம் பாழாப் போயிடும்னு. ஏழு வருசத்துல இந்த வாசப்படி ஏறி வந்து குந்துன ஆளு நீங்க ஒருத்தர்தான். இதே பாயில குந்தி எங்கையப் புடிச்சிக்கினு சொன்னீங்க, 'பவளம், ஒன்ன நம்பித்தான் இருக்கேன்'னு. அதுக்கப்பறம் எப்பிடி வாங்குவேன்?"

அந்த வாக்கியத்தை அரசி எல்லா வீடுகளிலும் சொல்லியிருந்தாள். பாயில் உட்காருவது, கையைப் பிடிப்பது, பெயரைச் சொல்லி அழைப்பது, எல்லாம் முறை. அப்படிச் செய்தால் மக்கள் பாதியில் விலக மாட்டார்கள் என்று அவளே தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மற்ற வீடுகளில் தலையாட்டிவிட்டுத் தங்கள் வழக்கப்படி நடந்துகொண்டார்கள். ஒரு வீட்டில் அதை நம்பிவிட்டார்கள். அரசிக்கு அவமானமாக இருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் விடவில்லை. கோதை குடித்தது வெறும் மோர் என்பதை, மற்ற குழந்தைகளுக்குக் குறைந்ததை, கோதைக்கு ஏறியதை. வேலவனைப் பற்றிச் சொன்னாள். சிவதாணு கேட்ட ஆறு மாதத்தையும் சொன்னாள்.

பவளக்கொடி அழவில்லை. கோர்ட்டில் நின்றபோதும் இப்படித்தான் நின்றிருப்பாள் போல. "வெறும் மோருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "தெரியாம இருக்கற மாதிரி நான்தான் ஏற்பாடு பண்ணிக்கிட்டேன்."

வெளியே கோதை மறுபடி நாலு வரைக்கும் வந்து நின்றிருந்தாள்.

"இதக் குடுத்தா, போன புத்தி திரும்ப வருமா?"

"போனது வராது பவளம். இனிமே போகாம நிக்கலாம். அதையும் நிச்சயமாச் சொல்ல முடியாது. கெடுதல் வராதுன்னு நெனைக்கிறேன், இந்த ஊர்ல ஒன்றரை வருஷமா யாருக்கும் வரலை. ஆனா அதுவும் எனக்கு முழுசாத் தெரியாது."

"நான் இத ஊத்திட்டா அந்தப் பன்னெண்டு ஊரு?"

"ஊத்தின பிறகு இவளுக்குக் குறையுதான்னு பார்க்கலாம். அதுலயும் கொஞ்சம் தெரியும். குழு ஒத்துக்குமான்னு சொல்ல முடியாது. அது என் பாடு. நீ அதைச் சுமக்க வேணாம்."

"அப்ப இதுவும் சோதனதான்."

"சோதனைதான். ஆனா இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்கும் தெரியும். எனக்குத் தெரியாததும் உனக்குத் தெரியும். வேணாம்னு நீ சொன்னா இதை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

பவளக்கொடி தூக்கை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். காய்ந்ததும் இறக்கி, ஆற்றி, விரலை விட்டுச் சூடு பார்த்தாள். உறையை ஊற்றி, இரண்டு ஆற்று ஆற்றி, தட்டைப் போட்டு மூடி மூலையில் வைத்தாள்.

"காலையில வாங்க," என்றாள். "மொத டம்ளரு நீங்க குடிக்கணும். அப்பறந்தான் இவளுக்கு."

"வர்றேன்."

வாசல்வரை வந்தவளைப் பவளக்கொடி நிறுத்தினாள். "அங்க கூட்டத்துல கோதையப் பத்திப் பேசுவீங்க இல்ல? இன்னான்னு சொல்லுவீங்க?"

"பேரைச் சொல்லக்கூடாதுங்கறது விதி. நாற்பத்தொண்ணுன்னு சொல்லுவோம்."

"பேரச் சொல்லுங்க," என்றாள் பவளக்கொடி. "எம் பொண்ணுதான, நான் சொல்றேன். பேரச் சொல்லுங்க."

ஆறு மாதம் கழித்துக் குழு கூடியது. அரசி அப்போது சோதனையின் தலைவி இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மிஞ்சியிருந்த ஒரே குழந்தைக்குத் தன் கையால் உறை கொண்டுபோய்க் கொடுத்ததை அவளே குழுவிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் மரியாதையாக அவளை விலக்கிவிட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் கொடுத்திருந்தார்கள்.

சிவதாணுதான் பேசினார். திரையில் ஒரே ஒரு கோடு. ஒன்றரை வருஷம் மேலே ஏறி, உறை ஊற்றிய நாளுக்கு அப்புறம் மடங்கி, கீழே இறங்கியிருந்தது. இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. "இதை வெச்சு மருந்து பலிச்சுதுன்னு நான் சொல்லலை," என்றார் அவர். "மறுபடி சோதிக்கணும்னு சொல்லுதேன். பன்னிரண்டு ஊருக்கும் சீட்டுக் குலுக்கி, ஒவ்வொரு ஊரா முறை வெச்சுக் கொடுப்போம். பின்னால வாற ஊரு அதுவரைக்கும் ஒப்பிட்டுப் பாக்க இருக்கும். கடைசி ஊருக்கும் ஒரு வருசத்துக்குள்ள கிடைச்சிரும். யாருக்கு எப்போன்னு எல்லாருக்கும் முதல்லயே சொல்லிரணும்." தலைவர் சரி என்று தலையசைத்தார். உறுப்பினர்களும் தலையசைத்தார்கள். அவ்வளவு சுலபமாக நடந்துவிட்டது.

எழுந்திருக்கும் சமயத்தில் ஒரு உறுப்பினருக்குச் சந்தேகம் வந்தது. "எல்லா வீடும் விதியை மீறி உறை வாங்கியிருக்கும்போது, இந்த நாற்பத்தொன்று மட்டும் ஏன் வாங்கவில்லை?"

சிவதாணு கடைசி வரிசையைப் பார்த்தார். அரசி எழுந்து நின்றாள்.

"நான் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்," என்றாள். "அந்த ஒரு வீட்டில்தான் என் பேச்சைக் கேட்டார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது ஐந்து வரைக்கும் எண்ண வருகிறது. ஒரு காலத்தில் இருபது வரைக்கும் எண்ணினாள். அவள் பெயர் கோதை. பவளக்கொடியின் மகள்."

பெயர் சொல்வது விதிக்குப் புறம்பு, பதிவிலிருந்து அதை நீக்கிவிடுங்கள் என்றார் தலைவர்.

தாய் சம்மதித்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, அரசி அந்தப் பெயரை இன்னொரு முறை சொன்னாள்.